நெஞ்செரிச்சலைக் கசாக் மொழியில் கேட்பது எப்படி? ரிஃப்ளக்ஸ் கேள்விப்படிவத்தைத் தழுவி எழுத முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒருவரிடம் "உங்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறதா?" என்று கேட்டால், பொறாமையைப் பற்றியோ மனக்குமுறலைப் பற்றியோ கேட்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். வயிறு எரிவதைக் கேட்க நமக்கு வேறு மாதிரி வாக்கியம் வேண்டும். கசாக் மொழியிலும் இதே கதைதான். 'இஷ்' என்றால் வயிறு, உள். 'குயு' என்றால் எரிதல். இரண்டையும் சேர்த்தால் பொறாமை. "இஷிங் குய்ஸெ, துஸ் ஜாலா", அதாவது வயிறு எரிந்தால் உப்பை நக்கு என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. உடல் உபாதையைக் கேட்கும் ஒரு படிவத்தை இந்த மொழிக்குக் கொண்டுபோகும்போது கால் இடறும் இடம் இதுதான். இலக்கணம் சரியாக இருக்கும், அகராதியும் சரி என்று சொல்லும், நோயாளி மட்டும் வேறு எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் கசகஸ்தானில் மருத்துவம் படித்து, பிறகு ஒரு ஆய்வுக் குழுவில் கேள்விப்படிவ வேலை பார்த்தவன். அங்கே கற்றதை, இந்த வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்குப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு 'கெர்ட்கியூ' (GerdQ) படிவத்தை எடுத்துக்கொள்கிறேன். ரிஃப்ளக்ஸ், அதாவது வயிற்றில் இருப்பது உணவுக்குழாய்க்கு ஏறிவரும் நோய், இருக்கிறதா என்று பார்க்க நோயாளி நிரப்பும் படிவம் அது. சிறியது, ஆறே கேள்விகள். ஆனால் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் படிவத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கெர்ட்கியூ 2009ல் வெளியானது. கடந்த 7 நாளில் எத்தனை நாள் இந்தத் தொந்தரவு இருந்தது என்று கேட்கும். பதில்கள் நான்கு: 0 நாள், 1 நாள், 2–3 நாள், 4–7 நாள். கேட்கப்படுபவை: மார்பெலும்புக்குப் பின்னால் எரிச்சல், வயிற்றில் இருப்பது தொண்டைக்கோ வாய்க்கோ ஏறிவருவது, மேல்வயிற்றின் நடுவில் வலி, குமட்டல், இந்தத் தொந்தரவால் தூக்கம் கெடுவது, மருத்துவர் சொன்னதற்கு மேல் தானாக மருந்து எடுப்பது.

எரிச்சல், எதுக்களித்தல், தூக்கம், மருந்து ஆகிய நான்கிலும் நாள் கூடக்கூட மதிப்பெண் 0, 1, 2, 3 என்று ஏறும். மேல்வயிற்று வலியும் குமட்டலும் தலைகீழ். 0 நாள் என்றால் 3, 4–7 நாள் என்றால் 0. இவை அதிகமாக இருந்தால் காரணம் ரிஃப்ளக்ஸாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது அதன் தர்க்கம். மொத்தம் 18. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரிஃப்ளக்ஸ் நோய் இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கே 6 வரும் என்பதை மனதில் வையுங்கள். ஆக, எல்லைக்கும் நலமானவருக்கும் இடையில் இருப்பது வெறும் 2 மதிப்பெண்.

இப்போது கசாக் மொழிக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் நெஞ்செரிச்சலுக்கான சொல்லில் இதயம் இருக்கிறது. கசாக்கில் குமட்டலுக்கான சொல்லில் இதயம் இருக்கிறது. 'ஜுரெக்' என்றால் இதயம். 'ஜுரெகிம் ஐனிடி' என்றால் எனக்குக் குமட்டுகிறது. அதாவது மதிப்பெண்ணில் எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு கேள்விகளில், ஒரு மொழியில் ஒன்றும் இன்னொரு மொழியில் மற்றதும் இதயத்தைச் சுமக்கின்றன.

ஒரு நோயாளியை வைத்துக் கணக்குப் போடலாம். எரிச்சல் வாரம் முழுக்க: 3. எதுக்களித்தல் 2–3 நாள்: 2. மேல்வயிற்று வலி இல்லை: 3. குமட்டல் இல்லை: 3. தூக்கம் ஒரு நாள் கெட்டது: 1. மருந்து ஒரு நாள்: 1. மொத்தம் 13, ஐயமே இல்லை. எரிச்சல் கேள்வியில் 'ஜுரெக்' என்ற சொல்லைப் பார்த்து, இதய நோயைக் கேட்கிறார்கள் என்று அவர் 0 நாள் போட்டால் 10. தன் தொந்தரவைச் சொல்ல வேறு இடம் தெரியாமல் குமட்டல் வரியில் 4–7 நாள் என்று போட்டுவிட்டால் 7. எல்லைக்குக் கீழே போய்விட்டார். ஒரே மனிதர், ஒரே நோய், ஒரு சொல்தான் மாறியது.

படி 1: அனுமதி

படிவத்துக்கு உரிமையாளர் உண்டு. கெர்ட்கியூவின் உரிமை அஸ்ட்ராஜெனிகா நிறுவனத்திடம். வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கசாக் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா, யாராவது செய்துகொண்டிருக்கிறார்களா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கசாக்கிலும் ரஷ்யனிலும் ஒப்புதல் படிவமும் தேவை.

படி 2: மொழிபெயர்க்கும் முன் சொற்களைத் திரட்டுங்கள்

வழக்கமான நெறிமுறைகளில் இந்தப் படி தனியாக இருக்காது. நான் இதைக் கட்டாயம் என்பேன். மொழிபெயர்ப்பாளரிடம் காகிதத்தைக் கொடுப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நோயாளிகளோடு உட்காருங்கள். எந்தச் சொல்லையும் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். "சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறது? கையால் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே, அவர்கள் வாயில் வந்த வடிவத்திலேயே எழுதுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் கசாக்கில் 'கிஜில்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் நகரத்தில் வளர்ந்த இருமொழிக்காரர் பலருக்கு முதலில் வாயில் வருவது 'இஸ்ஜோகா', ரஷ்யச் சொல். பல மருத்துவர்கள் ரஷ்ய வழியில் படித்தவர்கள். நோயாளி கிஜில் என்று சொன்னாலும் கோப்பில் இஸ்ஜோகா என்றே ஏறும். தெற்கிலும் மேற்கிலும், துர்கிஸ்தான், கிசிலொர்தா, மங்கிஸ்தாவ் பக்கம், கசாக் அதிகம் புழங்கும். வடக்கில் ரஷ்யன் ஓங்கியிருக்கும். சொற்பட்டியலை ஒரே நகரத்தில் திரட்டினால் அது அந்த நகரத்தின் பட்டியலாகத்தான் இருக்கும்.

இரைப்பைக்கு 'அஸ்கசான்' என்பார்கள். அஸ் என்றால் உணவு, கசான் என்றால் கொப்பரை. நாம் இரை போடும் பை என்கிறோம், அவர்கள் உணவு வேகும் கொப்பரை என்கிறார்கள். இந்தச் சொல் ஊரிலும் மருத்துவமனையிலும் ஒன்றுபோலப் புரியும்.

படி 3: இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும்

இருவருக்கும் கசாக் தாய்மொழியாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மருத்துவம் தெரியும், படிவம் எதற்கென்றும் தெரியும். இன்னொருவருக்கு இரண்டும் தெரியக்கூடாது. பள்ளி ஆசிரியரோ செய்தியாளரோ நல்ல தேர்வு. இருவரும் ஒருவர் வரைவை மற்றவர் பார்க்கக்கூடாது. பிறகு மூன்றாமவர் முன்னிலையில் உட்கார்ந்து ஒரே வரைவாக்க வேண்டும், எங்கே ஏன் எதைத் தேர்ந்தார்கள் என்று குறிப்பெழுதி.

இங்கே ஒரு கண்ணி. மொழிபெயர்ப்பாளர் ஆங்கில மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மனதில் ரஷ்யன் வழியாகப் போய்விடுவார். ரஷ்ய வாக்கிய அமைப்பு கசாக்கில் வந்து உட்காரும். கண்டுபிடிப்பது எளிது. தமிழைப் போலவே கசாக்கிலும் வினைச்சொல் கடைசியில் வரும், அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும். "மார்பெலும்புக்குப் பின்னால் உண்டாகி மேலே தொண்டையை நோக்கிப் பரவுகிற எரிகிற மாதிரியான உணர்வு எத்தனை நாள்..." என்று ஒரே மூச்சில் எழுதினால், வினைக்கு வந்து சேர்வதற்குள் நோயாளிக்குத் தொடக்கம் மறந்துவிடும். தமிழில் எழுதினாலும் இதே பாடுதான். இரண்டு வாக்கியமாக உடையுங்கள். முதலில் உணர்வைச் சொல்லுங்கள், அப்புறம் நாள் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

படி 4: திருப்பி மொழிபெயர்ப்பது, அதன் குருட்டுப் புள்ளி

மூலத்தைப் பார்த்திராத, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் கசாக் வரைவை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். இது பழைய, நல்ல வழக்கம். ஆனால் இதை மட்டும் நம்பி நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

யோசித்துப் பாருங்கள். வரைவில் 'இதயம் எரிதல்' என்று சொல்லுக்குச் சொல் போட்டிருந்தால், திருப்பி மொழிபெயர்ப்பவர் அதைப் பார்த்ததும் ஆங்கிலத்தின் பழகிய சொல்லைத்தான் எழுதுவார். மூலமும் திரும்பி வந்ததும் எழுத்துப் பிசகாமல் பொருந்தும். குழு மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடும். மிக மோசமான மொழிபெயர்ப்பு இந்தத் தேர்வில் மிக நன்றாகத் தேறிவிடும். இதற்கு மாறாக, 'கிஜில்' என்று போட்டு உணர்வை விளக்கிய நல்ல வரைவு மூலத்திலிருந்து விலகி வந்து நிற்கும். அதைத்தான் குழு கேள்வி கேட்கும். விலகல் இருந்தால் விசாரியுங்கள். முழுப் பொருத்தம் இருந்தால் இன்னும் கவனமாக விசாரியுங்கள்.

படி 5: குழு உட்கார்ந்து, கேள்வி கேள்வியாக

இரைப்பை-குடல் மருத்துவர், மொழியறிஞர், மொழிபெயர்ப்பாளர்கள், ஆய்வு முறை தெரிந்தவர், முடிந்தால் ஒரு நோயாளி. ரஷ்ய வடிவம் மேசையில் இருக்கட்டும், ஆனால் ஒப்புநோக்க மட்டும்.

எரிச்சல்: 'கிஜில்' முன்னால், அதன் கூடவே விளக்கம். மார்பெலும்புக்கு 'தோஸ்' என்ற அன்றாடச் சொல் இருக்கிறது. இரண்டும் தெரியாத நகரத்து இளைஞருக்காக இஸ்ஜோகாவை அடைப்பில் சேர்க்கலாமா என்று பெரிய வாதம் நடக்கும். தூய கசாக் வேண்டும் என்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. தமிழர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஆனாலும் இது நோயாளிக்கான காகிதம். முன்னோட்டத்தில் யாராவது ஒருவர் கிஜிலில் தடுமாறினாலும் இஸ்ஜோகாவைச் சேர்த்துவிடுங்கள்.

எதுக்களித்தல்: தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருப்பது நம் பாக்கியம். கசாக்கில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளி நிற்கும். 'கெகிரு' என்றால் ஏப்பம். 'லொக்சு' என்றால் ஓங்கரித்தல், அது குமட்டல் பக்கம் இழுக்கும். 'சபிரான்' என்றால் வயிற்றிலிருந்து வரும் கசப்பு நீர்; அது வாந்தியோடும் சேர்ந்து வரும், மனக்கசப்புக்கும் ஆகும். எனவே ஒற்றைச் சொல்லைத் தேடாமல் நிகழ்வைச் சொல்லுங்கள்: உண்ட உணவோ நீரோ, வாந்தி எடுக்காமலே, தொண்டைக்கோ வாய்க்கோ ஏறி வருவது. 'கிஷ்கில்' என்று சேர்த்தால் புளிப்பும் அமிலமும் ஒரே சொல்லில் வந்துவிடும், அந்த மொழியில் இரண்டுக்கும் அதுவேதான்.

மேல்வயிற்று வலி: 'இஷ்' என்று மட்டும் போட்டால் முழு வயிறும் வந்துவிடும். பக்கத்தில் ஒரு உடல் வரைபடம், மார்பெலும்பின் கீழ் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவில் நிழலிட்டு. எத்தனை சொல் அடுக்கினாலும் அந்தச் சின்னப் படம் செய்வதைச் செய்யாது.

குமட்டல்: 'ஜுரெக் ஐனு' என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் புரியும். அதனால்தான் எரிச்சல் கேள்வியில் 'ஜுரெக்' நுழையவே கூடாது என்கிறேன்.

மருந்து: ஆங்கில மூலம் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் அமில முறிப்பான்களின் பெயர்களைச் சொல்லும். கசகஸ்தானில் அந்தப் பெயர்களில் சில அந்நியம். மறக்கக்கூடாத இன்னொன்று சமையல் சோடா. முன்னாள் சோவியத் நாடுகளில் நெஞ்சு கரித்தால் தண்ணீரில் சோடாவைக் கரைத்துக் குடிப்பது இன்றும் வீட்டு வைத்தியம். நோயாளிக்கு அது மருந்தே அல்ல, அதனால் "மருந்து எடுத்தீர்களா?" என்றால் "இல்லை" என்பார். கேள்வியில் சோடாவைப் பெயர் சொல்லியே கேளுங்கள். இப்படிச் சேர்ப்பதற்கு உரிமையாளரின் ஒப்புதலும் வாங்குங்கள்.

காலம்: 'ஒத்கென் அப்தா' என்றால் போன வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. 'சொங்கி ஜெத்தி குன்', கடைசி ஏழு நாள், என்பதே சரி. விடைகளில் 'கெய்தெ' (சில சமயம்), 'ஜியி' (அடிக்கடி) போன்ற சொற்களை யாராவது நல்லெண்ணத்தில் சேர்ப்பார்கள். எடுத்துவிடுங்கள், நாள் எண்ணிக்கை மட்டும் போதும். விளிப்பு எப்போதும் 'ஸிஸ்', மரியாதை வடிவம்.

படி 6: முன்னோட்டம்

30 முதல் 40 பேர் என்பது வழக்கமான அளவு. வயது, ஊர், படிப்பு, மொழி எல்லாம் கலந்திருக்க வேண்டும். படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லுங்கள், எந்த இடம் என்று கையால் காட்டுங்கள், ஏன் இந்த விடை என்று கேட்க வேண்டும்.

எங்கள் முதல் வரைவில் எரிச்சல் கேள்வியில் 'ஜுரெக்' இருந்தது. அதை விட்டுவைத்தவர்களில் நானும் ஒருவன். தெற்கிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி அந்த வரியில் 0 நாள் போட்டிருந்தார். "அபா, ஏன் 0 போட்டீர்கள்?" என்றேன். "ஷுகிர், இதயம் நன்றாக இருக்கிறது, போன மாதம்தான் இசிஜி எடுத்தார்கள்" என்றார். சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறது என்று கேட்டேன். உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்து, மெதுவாக நெஞ்சு வழியாகத் தொண்டைக்குழி வரை இழுத்தார். "கிஜில்" என்றார். "எத்தனை நாள்?" "தினமும்தான் பிள்ளை. ராத்திரி சோடா குடித்தால்தான் தூக்கம்." மருந்துக் கேள்வியிலும் அவர் 0 போட்டிருந்தார். ஆறு கேள்வியில் இரண்டு தவறு, இரண்டும் எங்கள் தவறு.

அந்த 'ஷுகிர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். இறைவனுக்கு நன்றி என்று பொருள். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் பெரியவர்கள் சொல்வது. வயதானவர்கள் இளம் மருத்துவரிடம் தொந்தரவை அடுக்கத் தயங்குவார்கள். "இருக்கிறதா?" என்று கேட்டால் ஷுகிரில் முடிந்துவிடும். "எத்தனை நாள்?" என்று கேட்டால் எண்ணத் தொடங்குவார்கள். பேட்டி எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பழக்குங்கள்.

படி 7: எழுத்து

கசகஸ்தானில் கசாக் மொழி 42 எழுத்துள்ள சிரிலிக்கில் எழுதப்படுகிறது. அவற்றில் 9 ரஷ்ய எழுத்துவரிசையில் இல்லாதவை, சில எழுத்துருக்களில் அவை கட்டமாக வரும். அச்சுக்கு முன் பாருங்கள். லத்தீன் எழுத்துக்கு மாறும் திட்டத்துக்கு 2017ல் ஆணை பிறந்தது, இன்னும் நோயாளிகள் படிப்பது சிரிலிக்தான். வெளிநாடுகளிலிருந்து திரும்பி வந்த கசாக்குகளைக் 'கந்தாஸ்' என்பார்கள். அவர்களில் சீனாவிலிருந்து வந்தவர்கள் அரபு எழுத்தில் கசாக் படித்து வளர்ந்தவர்கள். மொழி சரளம், காகிதம் மட்டும் எட்டாது. அவர்களுக்கு வாசித்துக் காட்டி நிரப்பும் முறை வேண்டும். அப்படி நிரப்பியதைத் தரவில் தனியாகக் குறிக்க வேண்டும்.

படி 8: எண்கள் சொல்வது

மறுசோதனைக்கு 7 முதல் 14 நாள் இடைவெளி விடுங்கள். மூன்று நாளில் திரும்பக் கேட்டால் இரண்டு தடவையும் பாதி வாரம் ஒன்றே, ஒத்துப்போவது போலத் தோன்றும். அதிகம் தள்ளினால் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். இடையில் அமிலம் குறைக்கும் மருந்து தொடங்கியவரைச் சேர்க்காதீர்கள். 50 பேராவது வேண்டும். இரண்டு தடவை வந்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஐசிசி (intraclass correlation) எண் 0.70க்குக் குறையக்கூடாது.

க்ரோன்பாக் ஆல்ஃபாவை, அதாவது ஒரு படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்ணை, கேட்டு மதிப்பாய்வாளர்கள் எழுதுவார்கள். கெர்ட்கியூவுக்கு அது பொருத்தமான அளவுகோல் இல்லை. ஆறு கேள்விகளும் ஒரே உணர்வைத் திரும்பத் திரும்ப அளப்பவை இல்லை. நோயறிதலைக் கணிப்பதற்காகச் சேர்த்தவை, அதிலும் இரண்டு தலைகீழ். ஆல்ஃபா குறைவாக வந்தால் மொழிபெயர்ப்பு கெட்டுவிட்டது என்று பயந்து கேள்வியை நீக்காதீர்கள். பதிலில் இதை விளக்கி எழுதுங்கள்.

மூல ஆய்வில் 8 என்ற எல்லையில் நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன் 65 சதவீதம், இல்லாதவரை விலக்கும் திறன் 71 சதவீதம். கசாக் வடிவத்துக்கும் 8 தான் என்று முன்கூட்டி முடிவு செய்யக்கூடாது. எண்டோஸ்கோபியும் 24 மணி நேர பிஎச் சோதனையும் செய்து பாருங்கள். ரிஃப்ளக்ஸ் நோயறிதலுக்காக வல்லுநர்கள் கூடி வகுத்த லியோன் ஒருமித்த கருத்தின்படி உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் 6 சதவீதத்துக்கு மேல் என்றால் நோய் உறுதி, 4க்குக் கீழ் என்றால் இயல்பு, நடுவில் இருப்பது முடிவற்றது. அந்த நடுவில் இருப்பவர்களை ஏதாவது ஒரு பக்கம் தள்ளி எண்ணை அழகாக்காதீர்கள். பிஎச் சோதனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் என்பதால், ஊர் மருத்துவமனைக்கு வரும் சாதாரண நோயாளிகளையும் சேர்த்தால்தான் எல்லை எண்ணுக்கு அர்த்தம்.

இருமொழிக்காரர்கள் இருப்பதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் கசாக் படிவத்தையும் ரஷ்யப் படிவத்தையும் நிரப்பட்டும், எது முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். கேள்விக்குக் கேள்வி ஒப்பிட்டால் எந்தச் சொல் சறுக்குகிறது என்று மொத்த மதிப்பெண்ணில் தெரியாதது தெரியும்.

நாட்காட்டியையும் பாருங்கள். ரமலான் நோன்பில் உண்ணும் நேரமே மாறிவிடும், அந்த 7 நாள் மற்ற 7 நாட்களைப் போல இருக்காது. மார்ச் 21ஐ ஒட்டி வசந்தப் புத்தாண்டான நவுரிஸ் விருந்துகள். பெஷ்பர்மாக் என்ற இறைச்சி உணவு, குர்த் என்ற உலர்ந்த தயிர் உருண்டை, தேநீர் என்று இரவு நீளும். முதல் சுற்று நவுரிஸுக்கு முன்னும் மறுசோதனை நவுரிஸுக்குப் பின்னும் விழுந்தால், மாறியது படிவமா விருந்தா என்று பிரிக்க முடியாது.

படி 9: எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்

இறுதி வடிவம், இரண்டு முன்மொழிபெயர்ப்புகள், திருப்பி வந்தவை, குழுவின் குறிப்புகள், முன்னோட்ட அறிக்கை எல்லாவற்றையும் உரிமையாளருக்கு அனுப்புங்கள், தேதியும் வடிவ எண்ணும் இட்டு. படி 2ல் திரட்டிய சொற்பட்டியலையும் கட்டுரையின் பின்னிணைப்பாக வெளியிடுங்கள், எந்தச் சொல் எந்த ஊரில், எந்த வயதுக்காரர் வாயில் வந்தது என்ற விவரத்தோடு. அடுத்து வயிற்றுப்புண்ணுக்கோ மலச்சிக்கலுக்கோ கசாக் படிவம் செய்ய வருபவர் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.